குப்பனூர் வழி

ஐஸ் பெட்டியின் மூடி மூடவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்த இரண்டு ஆட்களும் முதலில் கீலைக் குறை சொன்னார்கள். அப்புறம்தான் கலைமணியின் முழங்கால்களைக் கவனித்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை அப்படியே தூக்கிப் படுக்க வைத்ததுபோல இரண்டும் மடங்கி, சேலைக்குள் உயர்ந்து நின்றன. ஒருவன் மூடியைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவன் உள்ளங்கையை முழங்கால்மேல் வைத்து அமுக்கினான்.

“கையை எடு” என்றாள் பிரபா.

திருப்பூரிலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கி, செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்திருந்தாள். கணவன் கௌசிக் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தான். அவன் வந்து சேர விடிந்துவிடும். அழுகையெல்லாம் திருச்செங்கோடு வருவதற்குள் தீர்ந்துபோனது. மிச்சம் இருந்தது கோபம் மட்டும்தான்.

“கொஞ்சம் அமுத்துனா படிஞ்சுருங்க அக்கா.”

“அது எங்கம்மா காலு. நீ ஒடைச்சு அடுக்கறதுக்கு வெறகு இல்ல. எடுறா கையை.”

அவன் எடுத்துவிட்டான். கேதத்துக்கு வந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்கள். பெற்றவள் செத்துக் கிடந்தால் மகள் விழுந்து புரண்டு அழவேண்டும். இவள் வந்ததும் வராததுமாகப் பெட்டிக்காரனிடம் சண்டை பிடிக்கிறாள்.

அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். காலையில் ஏற்காடு போவதற்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை இன்னும் உடம்பில் இருந்தது. மணியன் முப்பது வருஷம் முட்டை லாரி ஓட்டியவர். கண் மங்குகிறது என்று போன சித்திரையோடு லாரியை விட்டு இறங்கியிருந்தார்.

“நெஞ்சு கரிக்குதுன்னு மலையிலயே சொன்னாங்கன்னு போன்ல சொன்னீங்க.”

“ம்.”

“அப்புறம் எந்த வழியா எறங்குனீங்க?”

அவருடைய அண்ணன் சென்னியப்பன்தான் பதில் சொன்னார். “குப்பனூர் வழியா வந்தேன்னானே.”

ஏற்காட்டிலிருந்து இறங்க இரண்டு வழி உண்டு. பெரிய ரோட்டில் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கினால் நேராகச் சேலம். தடுக்கி விழுந்தால் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி வாசலில்தான் விழவேண்டும். குப்பனூர் வழி காட்டுக்குள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டு இறங்கும். மரத்தையும் குரங்கையும் பார்த்துக்கொண்டே வர ஆசைப்படுகிறவர்கள் போகிற வழி அது.

“நெஞ்சு வலிக்காரியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, காடு பாத்துட்டு வந்தீங்களா?” பிரபாவின் குரல் உடைந்து ஏறியது. “சேலத்துல எறங்கியிருந்தா இன்னேரம் உசுரோட இருந்திருப்பாங்கல்ல?”

அப்பா தரையைப் பார்த்தார்.

முந்தின நாள் பொழுதோடு அம்மா போனில் பேசியிருந்தாள். சின்னப் பிள்ளைபோலச் சிரிப்பு வார்த்தைக்கு வார்த்தை பொங்கிக்கொண்டு வந்தது. “வெடியாலயே கெளம்பறோம் கண்ணு. முதலாளி அவரு காரைக் குடுத்திருக்கறாரு. இட்லி ஊத்தி எடுத்துக்கறேன். மத்தியானத்துக்குப் புளிச்சோறு. முட்டை நாலு வேகப் போட்டிருக்கறேன்.”

“மலைக்குப் போயும் கட்டுச்சோறாம்மா? ஓட்டல்ல சாப்பிடுங்க.”

“உங்கப்பனுக்கு ஓட்டல்ல தின்னா வவுறு சேராது. சக்கரை மாத்தரை போட்டுட்டுப் பசி வேற தாங்காது. ஏரியைப் பாத்துட்டே திங்கலாம் பாரு. அப்புறம் ஏரியில போட்டுல போறோம். போட்டுல நனைஞ்சா மாத்தறதுக்கு ஒரு சீலைகூட எடுத்து வெச்சுட்டேன்.”

நாமக்கல்லிலிருந்து ஏற்காடு என்ன காசி ராமேசுவரமா? காலையில் போய்ப் பொழுதோடு திரும்பிவிடலாம். அதற்கு முப்பது வருஷம் ஆகியிருந்தது. அப்பா கூடலூர்க் காட்டைத் தாண்டிக் கோழிக்கோட்டுக்கு முட்டை கொண்டுபோவார். வந்து, ரோட்டைக் கடந்த யானையைச் சொல்வார்; பனியில் முன்னால் போகிற வண்டியின் விளக்குகூடத் தெரியாததைச் சொல்வார். “ஒரு நாளைக்கு உன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்று முடிப்பார். அம்மா மொட்டை மாடியில் மிளகாய் காயப்போடும்போது தூரத்தில் கொல்லிமலை நீலமாகத் தெரியும். அவள் பார்த்த மலை அதுதான். நாமக்கல் முட்டை அத்தனையும் மலை பார்த்துவிட்டது. முட்டைக்காரன் பெண்டாட்டி மட்டும் பார்க்கவில்லை என்று பிரபாவே எத்தனையோ முறை அவரைக் குத்திக் காட்டியிருக்கிறாள். இன்றைக்கு அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

சென்னியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “மணியா, திருப்பித் திருப்பிக் கேக்கறேன்னு நெனைக்காத. உசுரு எங்க போச்சு?”

“ஊட்டுக்குள்ளதாண்ணா.”

“வண்டியில இல்லையே?”

“இல்ல. எறங்கி வந்து அந்தச் சேர்ல உக்காந்தா. தண்ணி கேட்டா. கொண்டாரதுக்குள்ள தலை சாஞ்சுருச்சு.”

எல்லோரும் அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைப் பார்த்தார்கள். எதிர்வீட்டு ராசம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். “வண்டி உள்ள வாரப்ப நாங் கையாட்டுனேன். திரும்பியே பாக்கல. தலையைச் சாச்சுட்டுத் தூங்கறாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். அப்பவே முடியாம இருந்திருக்கறா, பாவம்.”

ஆளே போய்விட்டாள், போன இடத்துக்கு ஒரு விசாரணை. பிரபாவுக்கு அந்தக் கேள்வியே ஆத்திரமாக இருந்தது. ஆனால் அது ஏன் கேட்கப்படுகிறது என்று அவளுக்கும் தெரியும். வெளியில் உயிர் போனால் உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. வாசலுக்கு வெளியே வீதியில் போட்டு அப்படியே எடுத்துவிடுவார்கள். அவள் பள்ளிக்கூடம் போகும் வயதில், சித்தப்பா ரமேஷ்குமார் தொப்பூரில் லாரி கவிழ்ந்து செத்தபோது இதே கேட்டுக்கு வெளியில்தான் கிடத்தினார்கள். சாமியானா நிழல் நகர்ந்துவிட்டது. மத்தியான வெயில் முகத்தில் அடிக்க, தெருநாய் சுற்றிச் சுற்றி வர, அம்மாதான் பக்கத்தில் நின்று முறத்தால் ஈ ஓட்டினாள். ஆண்கள் சுடுகாடு போய் வந்ததும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு அப்பாவிடம் வந்து நின்றாள். “எனக்கு என்ன ஆனாலுஞ் சரி, என்னைய வீதியில போட்றாதீங்க. இந்தச் செவுத்துக்குத் தண்ணி ஊத்துனவ நானு. இதுக்குள்ளதான் கெடக்கோணும்” என்றாள். அப்பா சரி என்று தலையாட்டியது பிரபாவுக்கு நன்றாக நினைவிருந்தது.

வாசலில் சத்தம் கேட்டது. அம்மாவின் தம்பி பெரியசாமி பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அக்காளைப் பார்த்தார். சேலையை அவள் காலடியில் வைத்துவிட்டு நேராக அப்பாவிடம் போனார்.

“கொன்னு போட்டீங்களே மாமா.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“சேலத்துல ஆஸ்பத்திரிக்கா பஞ்சம்? காசு இல்லைன்னா எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமில்ல? நாய்க்கு அடிபட்டாக்கூட டாக்டருகிட்டத் தூக்கிட்டு ஓடறாங்க. இத்தன தூரம் எங்கக்காளை ஊர்கோலமா கூட்டிட்டு வந்தீங்க?”

“தப்புத்தான் மாப்பள.”

பிரபாவுக்கு அந்தச் சொல்தான் பொறுக்கவில்லை. லாரியில் ஒரு கீறல் விழுந்தாலும் எதிரே வந்தவன்மேல் பழி போட்டு ஊரைக் கூட்டுகிற மனிதர் இவர். தப்பு என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து அவள் கேட்டதே இல்லை. இப்போது கோழி மாதிரிக் கழுத்தைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்.

அப்பாவின் அக்கா அத்தாயி, அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வெந்நீரில் துணியை நனைத்து முழங்காலில் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஊரில் எந்தப் பெண் செத்தாலும் குளிப்பாட்டக் கூப்பிடுவது அவளைத்தான். “அம்மிணி, வண்டியில உங்கம்மா பையி இருக்கும் பாரு. மாத்துச் சீலை இருந்தா எடுத்துட்டு வா” என்றாள். மகளை அங்கிருந்து கொஞ்சம் நகர்த்தினால் நல்லது என்று நினைத்திருக்கலாம்.

வெயில் இறங்கிவிட்டது. முதலாளியின் கார் வேப்பமரத்தடியில் நின்றது. பிரபா முன்கதவைத் திறந்தாள். பக்கத்து சீட் பாதி சாய்க்கப்பட்டிருந்தது. தலை வைக்கும் இடத்துக்கும் கதவுக்கும் நடுவில் அப்பாவின் துண்டு சுருட்டிச் செருகியிருந்தது. எடுத்து முகர்ந்தாள். அம்மாவின் தேங்காய் எண்ணெய் வாசம். வாடின மல்லிகை இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. தலை ஆடாமல் இருக்க அண்டைக் கொடுத்த மாதிரி இருந்தது.

பின்சீட்டில் மாற்றுச் சேலை வைத்த பை. அதன் பக்கத்தில் ஒயர் கூடை. கூடைக்குள் டிபன் கேரியர். தூக்கினாள், கனத்தது.

கொக்கியை விலக்கி மேல் தட்டைத் திறந்தாள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லிகள் வட்டமாக அடுக்கினபடியே இருந்தன. புளிப்பு வாடை அடித்தது. அடுத்த தட்டில் ஓடு உரிக்காத முட்டை நாலு. அதற்கடியில் புளிச்சோறு, அம்மா கரண்டியால் தட்டிச் சமம் செய்த தடம்கூடக் கலையாமல்.

இருட்டோடு கிளம்பினவர்கள். சர்க்கரை மாத்திரை போட்ட மனிதரைக் காலைச் சாப்பாடு தவற விடுகிறவளா அம்மா? கல்யாண வீட்டிலேயே பந்தி தாமதம் என்றால் இவருக்கு மட்டும் முந்தானையில் வாழைப்பழம் மறைத்துக்கொண்டு வருவாள். ஏரியைப் பார்த்துக்கொண்டே தின்ன வேண்டிய இட்லி. ஒன்றுகூடக் குறையவில்லை.

முழங்கால்கள் நினைவுக்கு வந்தன. பிரபா காரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா வந்து மரத்தோரம் நின்றார். திறந்து கிடந்த கேரியரைப் பார்த்தார்.

“எங்க போச்சுப்பா உசுரு?” என்றாள்.

“ஏரிக்கரையில.”

அவள் காத்திருந்தாள்.

“போட்டுக்கு டிக்கெட் குடுக்கற எடம் இன்னும் தெறக்கல. ஏரி தெரியறாப்பல வண்டியைத் திருப்பி நிறுத்துனேன். இட்லி திங்கலாம், தண்ணி பாட்டல் வாங்கிட்டு வாரேன்னு போனேன். திரும்பி வந்தேன். ஏரியைப் பாத்துட்டே இருந்தா. நாம் பேசப் பேசப் பாத்துட்டே இருந்தா.” துண்டில்லாத தோளைத் தடவிக்கொண்டார். “நடக்க வந்த ஒரு டாக்டரம்மாதான் ஓடி வந்து பாத்துச்சு. முடிஞ்சுருச்சுங்கய்யா, ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்னுச்சு. நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்னு சொல்லிட்டு எடுத்துட்டேன்.”

“போகல.”

“போனா என்னத்துக்கு ஆவும்? வெளிய செத்தான்னு ஆயிரும். வீதியிலதான் போடுவாங்க. அவளுக்கு நாஞ் சொல்லியிருக்கறேன்ல.”

“காலையில போன உசுரு. இத்தன நேரம் என்ன பண்ணுனீங்க?”

“சுத்திக் காட்டுனேன்.”

பிரபா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏரியை ஒரு சுத்து வந்தேன். அப்புறம் காப்பித் தோட்டம். மரத்து மேல மொளகுக் கொடி ஏறியிருக்கும், அதைப் பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தா. பெரிய ரோட்டுல வளைவு சாஸ்தி, கூட்டமும் சாஸ்தி. அதான் குப்பனூர் வழியா எறக்குனேன். முட்டை லோடு ஓட்டறாப்பலதான் ஓட்டுனேன். ஒரு எடத்துலயும் தல சாயல.”

சொல்லிவிட்டு அவர் அவளைப் பார்த்த விதம் இருக்கிறதே, ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டு வந்த பிள்ளை பார்ப்பதுபோல இருந்தது. அதுதான் அவளைக் கொளுத்தியது.

“முப்பது வருசம் இருந்துச்சில்ல உனக்கு?” என்றாள். பிறந்ததிலிருந்து அவரை அவள் ஒருமையில் பேசியதில்லை. “ஒரு ஞாயித்துக்கெழம கெடைக்கலயா? கண்ணு தெரிஞ்சப்ப, காது கேட்டப்ப, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக முடியல. செத்ததுக்கப்புறம் மொளகுக் கொடி காட்டுனியா? யாருக்குக் காட்டுன?”

“ஆமா” என்றார்.

“உள்ள போயி உண்மையைச் சொல்லு. அத்தன பேரும் உன்னையக் கொலகாரன்ங்கறாங்க. அங்கயே போயிருச்சு, யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு சொல்லு.”

“சொன்னா வெளிய தூக்கிருவாங்க சாமி.”

அவள் அவரை வெறித்தாள். அடிக்கவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் மனசு வரவில்லை. கேரியரை மூடி, கொக்கியை இழுத்து மாட்டினாள்.

அப்போது உள்ளே சென்னியப்பனின் குரல் உயர்ந்தது. “வெந்நி ஊத்தியும் காலு நீளலைன்னா என்ன அர்த்தம்? எத்தன பொணம் பாத்திருக்கறோம். மத்தியானத்துக்கு மேல போன உசுருன்னா இப்பிடி வெறைக்குமா? இது வெடியால போனது. மலையிலயே போனது. ஏன் அத்தாயி, நீயே சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்” என்றாள் அத்தாயி.

“உனக்கா தெரியாது? ஊட்டுக்குள்ள தீட்டைக் கொண்டாந்து வெச்சுட்டு நிக்கறான். நாளைக்கு இந்தக் குடும்பத்துல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா எவன் பதில் சொல்றது? டேய், நாலு பேரு வாங்கடா. பொட்டியத் தூக்கிக் கேட்டுக்கு வெளிய வைங்க.”

பிரபா ஓடினாள். அவள் கூடத்துக்குள் வரும்போது நான்கு பேர் பெட்டியின் நான்கு மூலையையும் பிடித்திருந்தார்கள். பெட்டி தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியிருந்தது. உள்ளே அம்மாவின் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

“வைங்க கீழ!”

வைத்துவிட்டார்கள். அப்பா அவள் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றிருந்தார். வாய் திறந்து ஏதோ சொல்லப் போனார். பிரபா அவர் பக்கம் திரும்பினாள். நெஞ்சில் இருந்த கோபம் அத்தனையும் நிஜம். அதைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை.

“இந்தாளு பேச்சக் கேக்காதீங்க. நாஞ் சொல்றேன். எங்கம்மா ஊட்டுக்கு வந்து எனக்குப் போன் பண்ணுனாங்க. இந்தச் சேர்ல உக்காந்துட்டுத்தான் பேசுனாங்க.” மூச்சு இரைத்தது. “ஏரியைப் பாத்துட்டேன் கண்ணுன்னு சொன்னாங்க. போட்டுல... போட்டுல போனேன்னு சொன்னாங்க. சீலையெல்லாம் நனைஞ்சு போச்சுன்னு சிரிச்சாங்க. மூச்சு வாங்குதேம்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு நாங் கத்துனேன். இந்தாளு கூட்டிட்டுப் போகல. உக்கார வெச்சு வேடிக்க பாத்துட்டு நின்னிருக்கறாரு. மலையில ஒண்ணும் ஆகல. இங்கதான் ஆச்சு. இந்தக் கூடத்துல வெச்சு, இவருதான் கொன்னாரு.”

பெற்ற அப்பனைச் சபையில் கொலைகாரன் என்கிற மகள் அவருக்காகப் பொய் சொல்வாள் என்று யாருக்குத் தோன்றும்? சென்னியப்பன் தம்பியைப் பார்த்தார், யாரோ வழிப்போக்கனைப் பார்ப்பதுபோல ஓர் அந்நியப் பார்வை. “அப்படியாடா?” என்றார்.

“ஆமாண்ணா” என்றார் அப்பா.

“தூ” என்று பெரியசாமி துப்பினார்.

அத்தாயி வெந்நீர்த் துணியைப் பிழிந்து சட்டியில் போட்டாள். யாரையும் பார்க்காமல் பேசினாள். “மூட்டு வாதக்காரி. அவ காலு நீட்டி எத்தன வருசமாச்சு. இப்ப வெறைச்சுப் போச்சு, மலை போச்சுன்னா? மூடி தெறந்தே இருக்கட்டும். காலுக்கடியில அண்டைக் குடுக்க எதாச்சும் கொண்டா அம்மிணி.”

அம்மாவுக்கு மூட்டு வாதம் இருந்ததே இல்லை. போன மாதம்கூட மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினாள். பிரபா காரிலிருந்து கையோடு கொண்டுவந்துவிட்ட அப்பாவின் துண்டை இறுக்கச் சுருட்டி, அந்த முழங்கால்களுக்கு அடியில் மெதுவாக நுழைத்தாள். அப்புறம் சாய்ந்த தலையை நிமிர்த்தி வைத்தாள். அப்போதுதான் அழுகை வந்தது. பெண்கள் சுற்றி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது பந்தல்காரர்கள் விளக்குப் போட்டிருந்தார்கள். ஆண்கள் எல்லோரும் நாற்காலிகளை ஒரு பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மட்டும் கேட்டுக்கு வெளியே, வீதியில், வெறுந்தரையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சித்தப்பாவைக் கிடத்தியிருந்த அதே இடம். அந்தப் பக்கம் யாரும் போகவில்லை. கோடிக்காரர்களுக்கு வழி காட்டப் போன பெரியசாமியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தாண்டினார்.

பிரபா காருக்குப் போய்க் கேரியரை எடுத்து வந்தாள். எல்லோரும் பார்க்கத்தான் பார்த்தார்கள். எழவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. இது அம்மா உயிரோடு இருக்கும்போது மூட்டிய அடுப்பு.

அவர் பக்கத்தில் அதை வைத்தாள். வைத்த வேகத்தில் தட்டுகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

“இட்லி புளிச்சுருச்சு” என்றாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. “முட்டையாவது தின்னுங்க.”

அவள் உள்ளே திரும்பிப் போகும்போது கொக்கி விலகும் ஓசை கேட்டது. கேட்டுக்குள் வந்து, ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்பா ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்திருந்தார். இன்னொரு கையை அதன்மேல் பொத்தினாற்போல வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடைக்கவில்லை.